கடல் கடந்த கொள்முதலும் கைப்பேசிச் செலவும்

பேரீச்சை, பாதாம் பார்க்கத் துபாய்க்கும், பாத்திரம், பொம்மை, பிளாஸ்டிக் சாமான் எடுக்கச் சீனத்துக்கும் நம் சங்க அன்பர்கள் போய்வருவது இப்போது சகஜமாகிவிட்டது. விமான டிக்கெட்டில் ஐந்நூறு ரூபாய் குறைக்க மூன்று ஏஜெண்டுகளிடம் விசாரிக்கும் நாம், கைப்பேசி விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

நாமும் அப்படிக் கிளம்பியவர்கள்தான். சில ஆண்டுகளுக்கு முன் நான்கு நாள் சிங்கப்பூரில் இருந்தோம். நாமாக யாரையும் அழைக்கவில்லை. கடையிலிருந்துதான் ஓயாமல் போன். "அண்ணாச்சி, பருப்பு லோடு வந்திருக்கு, இறக்கவா?" "சீனி மூட்டை என்ன விலைக்குப் போடட்டும்?" திரும்பி வந்து பில்லைப் பார்த்தால், அந்தத் தொகைக்கு இரண்டு மூட்டை சீனியே வாங்கியிருக்கலாம். சண்டை போடப் போன இடத்தில் கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினார். வெளிநாட்டில், தனித் திட்டம் போடாவிட்டால், வரும் அழைப்புக்கும் காசு உண்டு. நம் நாட்டில் அந்த வழக்கம் 2003இல் ஒழிந்ததால் நமக்கு மறந்துபோயிற்று. போதாததற்கு, கடைப் பையன்கள் அனுப்பிய படங்கள் எல்லாம் ரோமிங் டேட்டாவில் தானாக இறங்கியிருந்தன.

இப்போது நாம் செய்வது இதுதான். போன் இரண்டு சிம் போடுவதாக இருக்க வேண்டும். நம் ஊர் சிம்மில் சர்வதேச ரோமிங் வசதியைக் கிளம்புமுன் இங்கேயே திறந்துவிட்டு, டேட்டா ரோமிங்கை மட்டும் அடைத்துவிடுகிறோம். இணையத்துக்கு அந்த ஊர் சிம். பாஸ்போர்ட்டைக் காட்டினால் விமான நிலையத்திலேயே தருவார்கள். நாள் அதிகம் தங்குவதானால் ஊருக்குள் கடைகளிலும் விசாரிக்கலாம். இ-சிம் ஏற்கும் போன் என்றால் வீட்டிலிருந்தே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அவற்றில் பல டேட்டாவுக்கு மட்டுமே, பேசுவதற்கு எண் தராது.

நம் ஊர் சிம்மைக் கழற்றிப் பெட்டியில் போடுவது மட்டும் கூடவே கூடாது. நமக்குத் தெரிந்த மொத்த வியாபாரி ஒருவர் அப்படிச் செய்து, வங்கியின் ஓ.டி.பி. வந்து சேராமல், சரக்குக்கு முன்பணம் அனுப்ப வழியின்றி இரண்டு நாள் ஹோட்டலில் கிடந்தார். அதற்குள் அவர் பேசி வைத்த விலை கைநழுவிவிட்டது.

சீனக் கதை தனி. 1957 முதல் குவாங்சோவில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடந்துவரும் கேன்டன் சந்தைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். அங்கே உள்ளூர் சிம்மில் வாட்ஸ்அப் திறக்காது, கூகுளும் வராது. நம் ஊர் நிறுவனத்தின் ரோமிங் திட்டத்தில் டேட்டா நம் நிறுவனத்தின் வழியாகச் சுற்றி வருவதால் வாட்ஸ்அப் வேலை செய்யும். ஆக, விலை கூடிய திட்டமே அங்கு லாபம். சப்ளையர்களோடு பேச வீசாட் வேண்டும். துபாயில் வாட்ஸ்அப் செய்தி தடையின்றிப் போகும். வாட்ஸ்அப்பில் பேசுவதற்குத்தான் அங்கே நீண்ட காலமாகக் கட்டுப்பாடு.

ரோமிங் திட்டம் போடுகிறவர்கள் நாட்டின் பெயர் பட்டியலில் உள்ளதா, வரும் அழைப்பும் சேர்த்தியா, எந்த நேரத்திலிருந்து நாள் கணக்கு என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். மலேசியாவின் ஜொகூர் பாருவில் நின்றாலே போன் சில சமயம் சிங்கப்பூர் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு நாட்டுத் திட்டம் மட்டும் வைத்திருந்தால் அங்கே நஷ்டம்.

கடையில் இருப்பவர்களிடமும் சொல்லிவிட்டுப் போக வேண்டும்: அவசரமில்லாததற்குப் போன் வேண்டாம், எழுதி அனுப்பினால் போதும். இரவு ஹோட்டல் வைஃபையில் பார்த்துப் பதில் சொல்லலாம். நேரத்தையும் குறித்துக் கொடுங்கள். நாம் 9 மணிக்குக் கடை பூட்டும்போது துபாயில் 7.30, சிங்கப்பூரில் 11.30.