உங்களுக்குத் தெரியுமா? மேட்லாபுக்குள் ஒளிந்திருக்கும் ஆச்சரியங்கள்!

‘மேட்லாப்’ என்ற கணக்கீட்டு மென்பொருளில் ‘இமேஜ்’ என்று மட்டும் டைப் செய்து என்டர் தட்டுங்கள். தலைகீழாக ஒரு சிறுவனின் முகம் வந்து நிற்கும்! அந்தப் படத்தின் பிட்டுகளைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே இன்னும் பல படங்கள்!

200-ஐயும் 100-ஐயும் கூட்டினால் 300 என்பீர்கள். 8-பிட் படத்தில் விடை 255! அதுதான் முழு வெள்ளை; வெள்ளைக்கு மேல் ஏது வெள்ளை?

கலர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது மூன்று நிறங்களுக்கும் சம பங்கு என்றுதானே நினைத்தீர்கள்? பச்சைக்கு 58.7 சதவீதம். நீலத்துக்கு வெறும் 11.4!

நல்ல படத்தை வேண்டுமென்றே கெடுக்கவும் ஒரு கட்டளை இருக்கிறது. அது தூவும் புள்ளிகளில் ஒரு வகைக்குப் பெயரே ‘உப்பு மிளகு’!

தூவிய உப்பு மிளகை எடுக்க மீடியன் ஃபில்டர். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் 9-ஐச் சிறியது முதல் பெரியது வரை வரிசையில் நிறுத்தும். நடுவில் நிற்கும் 5-வது ஆளைப் பிடிக்கும். படம் பளிச்!

அமெரிக்க ஒரு சென்ட் நாணயத்தின் அச்சும் மேட்லாபுக்குள் உண்டு. அதன் பள்ளத்தை அளந்து வைத்திருக்கும் இடங்கள் 16,384!

ஜெர்மன் ஓவியர் டியூரரின் ‘மெலன்கோலியா’வும் உள்ளே இருக்கிறது. அதில் ஒரு மாயச் சதுரம். எந்த வரிசையைக் கூட்டினாலும் 34. கடைசி வரிசையின் நடுவில் 15, 14. ஓவியம் உருவான ஆண்டு 1514!

அதே சதுரத்தை மேட்லாபின் ‘மேஜிக்’ கட்டளையிடம் கேட்டுப் பாருங்கள். நடுவிலிருக்கும் இரண்டு நெடுவரிசைகளும் இடம் மாறி வரும். 1514 போய் 1415 ஆகிவிடும்!

‘ஃபேன்டம்’ என்று தட்டினால் மனிதத் தலையின் குறுக்குவெட்டு வரும். நிஜத் தலை இல்லை. 1974-ல் ஷெப், லோகன் இருவரும் உருவாக்கியது. மொத்தமே 10 நீள்வட்டங்கள்!

சி.டி. ஸ்கேனுக்கு அடிப்படையான கணக்கும் மேட்லாபில் உண்டு. அதை யோஹான் ராடன் வெளியிட்டது 1917-ல். நோயாளிக்கு முதல் ஸ்கேன் எடுத்தது 1971-ல். கணக்கு காத்திருந்தது 54 வருடம்!

படத்தில் நேர்கோடு தேடும் ‘ஹஃப்’ முறைக்கு 1962-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். அன்று அது தேடியது அணுத்துகள்களின் தடத்தை!

மேட்லாபின் நீல-மஞ்சள் வண்ண வரிசைக்கு ‘பருலா’ என்று பெயர். அது ஒரு குட்டிப் பறவை! 2014-ல் பறந்து வந்து, அதுவரை கோலோச்சிய ‘ஜெட்’ வண்ண வரிசையையே இறக்கிவிட்டது!

இரண்டு படங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று மதிப்பெண் போடும் ‘எஸ்.எஸ்.ஐ.எம்.’ சூத்திரத்தை உருவாக்கியவர்கள் 4 பேர். 2015-ல் அவர்களைத் தேடி வந்தது டி.வி. உலகின் எம்மி விருது. நடிக்காமலே!