வேலியிலிருந்து பந்தலுக்கு

ஆப்பிரிக்கப் புல்வெளியில் காட்டு கிளாடியோலஸ் என்று ஒன்று உண்டு. வறண்ட காலமெல்லாம் மண்ணுக்குள் கிழங்காகக் கிடந்து, மழை விழுந்ததும் வாள்போல் இலை நீட்டி எழுகிற செடி. அதே புல்வெளியில் இன்னொரு கிழங்கும் அப்படித்தான் மழைக்குக் காத்துக்கிடக்கும். அதைப் பார்க்க ஆப்பிரிக்கா வேண்டாம், கொடுமுடியில் பஸ் ஏறினால் போதும்.

கொடுமுடி காவிரிக்கரை ஊர். கரும்பும் மஞ்சளும் கண்ணுக்குக் குளிர்ச்சி. முத்தூர், வெள்ளகோவில் என்று தென்மேற்கே போகப் போக அந்தப் பச்சை வற்றி, கொறங்காடு வந்துவிடும். கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. காங்கேயம் மாடு மேய்கிற நிலம். அந்தக் கிளுவையில்தான் செங்காந்தள் ஏறும். தனியே பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு முள்ளைப் பிடித்துக்கொள்ளும்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் பூக்களை அடுக்கும்போது முதலில் வைத்தது காந்தளை. தமிழ்நாட்டுக்கு மாநில மலர், ஜிம்பாப்வேக்கு தேசிய மலர், யாழ்ப்பாணத்தாருக்குக் கார்த்திகைப்பூ. எங்கள் பக்கத்தில் காந்தள் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கண்வலிக்கிழங்கு, அவ்வளவுதான். கிழங்கு கவைத்துக் கலப்பை மாதிரி இருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் சொல்வார்கள்.

செடி முழுக்க நஞ்சு. அந்த நஞ்சுக்குப் பெயர் கொல்ச்சிசின். அளந்து கொடுத்தால் கவுட் என்னும் மூட்டு வீக்கத்துக்கு மருந்து. விதையில் அது நிறைய உண்டு. அதனால்தான் மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சிப் பக்கம் வேலிச்செடி கம்பிப் பந்தலுக்கு வந்தது.

பந்தலுக்கு வந்த செடிக்கு ஒரு சங்கடம். புரட்டாசிக் காலையில், பனி உலராத நேரத்தில், மூலனூர்ப் பக்கத் தோட்டம் ஒன்றில் பார்த்தேன். ஆறு இதழும் நெளிந்து மேலே மடங்கியிருக்க, மகரந்தப்பைகள் கீழே விரிந்து தொங்குகின்றன. சூல்தண்டோ அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் விலகி நிற்கிறது. ஒன்றையொன்று தொடாது. ஓர் அம்மா மகரந்தப்பை ஒன்றைக் கிள்ளி, அடுத்த பூவின் சூல்முடியில் தொட்டுத் தொட்டு நகர்ந்தார். விரல் நுனியெல்லாம் மஞ்சள்.

“பூச்சி வராதுங்களா?”

“வருமுங்க. அத நம்பி உக்காந்தா பாதிக் காய்கூடப் புடிக்காதுங்க.”

பூவை ரசிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. பூத்ததும் மஞ்சள், நாலு நாளில் சிவப்பு. விதை கிலோ ஆயிரக்கணக்கில் போகும், சில வருஷம் படுத்துவிடும். நடுவதற்குக் கிழங்கு வேண்டுமே? அதற்காகக் காட்டையும் வேலியையும் தோண்டித் தோண்டி, காட்டுச்செடி அருகிப்போனது. பந்தலில் ஏக்கர் கணக்கில் நிற்கிற பூவைக் காட்டில் தேடவேண்டியிருக்கிறது. பந்தலில் வளர்ப்பதையே செடியைக் காப்பது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

திரும்புகையில் வெள்ளகோவிலுக்கு முன்னால், கிளுவை வேலியில் ஒற்றைக் கொடி. மூன்று பூ. அதற்கும் கீழே, வாடிச் சுருங்கிய இதழ்களுக்கு நடுவில், விரல் நீளத்துக்குப் பச்சைக் காய் ஒன்று. அங்கே யாரும் மகரந்தம் தொட்டு வைத்திருக்க மாட்டார்கள்.