கவசமும் கணக்கும்: கதாபாத்திரத் தாளில் தளவாடப் பெயர்கள்

மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, நடுவர் ஒருவரின் வழிகாட்டுதலில் கதையொன்றைப் பேசிப் பேசியே நடத்திச் செல்லும் ஆட்டமுறை ஒன்று உண்டு. இதனைப் பாத்திரமேற்பு ஆட்டம் என்பர். வீசிய வாள் பட்டதா, இடித்த கதவு திறந்ததா என்பவற்றைப் பகடை முடிவு செய்யும். இவ்வகை ஆட்டங்களுள் முதலில் அச்சேறி விற்பனைக்கு வந்தது ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்பதாகும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவரும் இயற்றிய இவ்வாட்டம், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து 1974-ஆம் ஆண்டில் மூன்று சிறு நூல்களாக வெளிவந்தது.

ஆட்டக்காரர் ஒவ்வொருவரிடமும் ஒரு தாள் இருக்கும். அவர் ஏற்ற பாத்திரத்தின் வலிமை, திறமை, காயம், உடைமை ஆகிய யாவும் அதில் குறிக்கப்படும். அதுவே கதாபாத்திரத் தாள். நெடுங்காலம் பென்சிலால் எழுதி அழித்து வந்த இத்தாள், இப்போது பெரும்பாலும் கணினித் திரைக்கு மாறிவிட்டது. 2012-இல் தோன்றிய ‘ரோல்20’, 2017-இல் தொடங்கிய ‘டி அண்டு டி பியாண்ட்’, 2020-இல் வெளிவந்த ‘பவுண்ட்ரி’ ஆகியவை இதற்குப் பயன்படும் அமைப்புகளுள் முக்கியமானவை.

விளையாட்டுச் செய்தி இவ்விதழில் எதற்கு என்று அன்பர்கள் வினவக்கூடும். களத்தில் படிவம் நிரப்பும் ஊழியரும், ஆய்வுக்கூடத்தின் இருப்புப் பதிவேட்டைப் பேணும் ஆசிரியரும் நாள்தோறும் எதிர்ப்படும் சிக்கல் ஒன்று, இந்தத் தாளில் மிகத் தெளிவாக வெளிப்படுகிறது. பொருளின் பெயர் மனிதர் படிக்கும் சொல்லாக இருந்த நிலை மாறி, இயந்திரம் கணக்கிடுவதற்குரிய சொல்லாக ஆகும்போது என்ன நேர்கிறது என்பதே அச்சிக்கல்.

எழுதிய சொல்லும் இயங்கும் சொல்லும்

காகிதத் தாளில் ஆட்டக்காரர் ‘சங்கிலிக் கவசம்’ என்று எழுதலாம், ‘சங்.கவ.’ என்று சுருக்கியும் எழுதலாம். ‘பாட்டனாரின் பழைய கவசம்’ என்றும் எழுதலாம். படிப்பவர் மனிதர்; ஐயமெனில் கேட்டுத் தெளிவார். காப்பு எவ்வளவு, எடை எவ்வளவு என்பதை அவரே நூலைப் பார்த்துக் கூட்டிக்கொள்வார்.

கணினித் தாளின் இயல்பு வேறு. இவ்வாட்டத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி சங்கிலிக் கவசத்தின் காப்பு எண் 16. எடை 55 பவுண்டு. அதனை அணிவோரின் வலிமை 13-க்குக் குறைந்தால் நடையின் வேகம் தடைப்படும். பட்டியலிலிருந்து அப்பெயரைத் தேர்ந்தெடுத்த கணமே இம்மூன்றும் தாமாகவே தாளில் ஏறிவிடுகின்றன. அதே சொல்லை வெறும் குறிப்புக் கட்டத்தில் தட்டச்சு செய்தால் எதுவும் ஏறுவதில்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணக்கிற்கு இரண்டும் வேறு. முன்னது ஒரு பதிவேட்டைத் திறக்கும் திறவுகோல். பின்னது எழுத்துகளின் வரிசை மட்டுமே.

நிலையைக் குறிக்கும் சொற்கள்

பொருளின் பெயரைப் போலவே, பொருளின் நிலையைக் குறிக்கும் சொற்களும் இன்றியமையாதவை. மூட்டையில் கிடக்கும் கேடயம் அம்பைத் தடுக்காது என்பதை மனிதருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணினிக்குச் சொல்லியாக வேண்டும். ஆகவே கணினித் தாள் நான்கு நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறது.

முதலாவது, ‘சுமப்பது’: பொருள் உடைமையில் உள்ளது, அதன் எடை கணக்கில் சேரும். இரண்டாவது, ‘அணிந்தது’ அல்லது ‘கையேந்தியது’: காப்பு எண்ணும் தாக்குதலும் இந்நிலையில்தான் கணக்கில் வரும். கேடயம் தரும் 2 என்னும் கூடுதல் காப்பு, அதனைக் கையில் ஏந்தியபோதே சேர வேண்டும். மூன்றாவது, ‘பயின்றது’: பயிற்சி இல்லாத கவசத்தை அணிந்தவருக்கு அது உதவியோடு தடையுமாகும், அவர் மந்திரம் ஓதவும் இயலாது. நான்காவது, ‘ஒன்றியது’: சில மாயப் பொருள்கள் உடையவரோடு ஒன்றிய பின்னரே பயன்தரும், ஒரே காலத்தில் அவ்வாறு ஒன்றத்தக்கவை மூன்றே.

இவற்றோடு கொள்கலம் பற்றிய விதியும் உண்டு. ‘கொள்பை’ என்று நாம் அழைக்கத்தக்க மாயப் பை ஒன்று இவ்வாட்டத்தில் புகழ்பெற்றது. 2014-ஆம் ஆண்டு விதியின்படி அது 500 பவுண்டு வரை கொள்ளும். உள்ளே எவ்வளவு இருந்தாலும் பையின் எடை 15 பவுண்டுதான். ‘உள்ளே இருப்பது’ என்ற உறவைக் குறிக்க இடமில்லாத தாள், உள்ளிருக்கும் பொருள்களின் எடையையும் கூட்டிவிடும். பாத்திரம் சுமக்க முடியாமல் நிற்கும். ஆய்வுக்கூடப் பெட்டியையும் அதனுள் உள்ள கருவிகளையும் தனித்தனியே எழுதி, இருமுறை எண்ணிவிடும் பிழையும் இவ்வகையைச் சார்ந்ததே.

பெயர்கள் வந்த வழி

இப்பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பதும் அறியத்தக்கது. 1971-இல் கைகாக்ஸும் ஜெஃப் பெரன் என்பவரும் ‘செயின்மெயில்’ என்னும் போர்ப்பொம்மை ஆட்ட விதிகளை வெளியிட்டனர். ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ அதிலிருந்து கிளைத்ததாகும். ‘மெயில்’ என்ற சொல் வலைக்கண்ணைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது; இரும்பு வளையங்களைக் கோத்துப் பின்னிய கவசத்துக்கே அது உரியது. எனவே ‘சங்கிலி மெயில்’ என்பது கூறியது கூறல். ‘தகட்டு மெயில்’ என்பதோ தன்னுள்ளே முரண்பட்ட தொடர். எனினும் ஆட்ட நூல்களில் தகடு, பட்டை, செதில், வளையம் என எல்லாவற்றோடும் ‘மெயில்’ ஒட்டிக்கொண்டது.

இவ்வழக்கின் வேர் 19-ஆம் நூற்றாண்டில் உள்ளது. சாமுவேல் ரஷ் மெய்ரிக் என்னும் ஆங்கிலப் பழம்பொருள் ஆய்வாளர் 1824-இல் பண்டைக் கவசங்களைப் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டார். கையெழுத்துச் சுவடிகளிலும் கல்லறைச் சிற்பங்களிலும் கவசம் பலவாறு வரையப்பட்டிருப்பதைக் கண்டு, அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைக் கவசம் எனக் கொண்டு பெயரிட்டார். அவற்றுட் பல, ஒரே வளையப் பின்னலை ஓவியரும் சிற்பியரும் வெவ்வேறு விதமாகக் காட்டியவையே என்பது பிற்கால ஆய்வாளரின் கருத்து. வரைந்த முறையின் வேறுபாடு பொருளின் வேறுபாடாகக் கொள்ளப்பட்டது. அவ்வகைப் பெயர்கள் ஆட்டப் பட்டியல்களிலும் நிலைத்தன. ‘பட்டை மெயில்’ முந்தைய பதிப்புகளில் இடம்பெற்று, 2014-ஆம் ஆண்டுப் பட்டியலில் விடுபட்டது.

வாளின் பெயரிலும் இத்தகைய நிலையே. வரலாற்று ஆய்வாளர் ‘நெடுவாள்’ என்று இன்று கூறுவது, இரு கைகளாலும் பற்றுதற்கேற்ற நீண்ட பிடியுடைய வாளை. ஆட்டத்திலோ அது ஒரு கையால் வீசும் வாள். ஒரு கையால் வீசினால் எட்டுமுகப் பகடையும், இரு கையால் வீசினால் பத்துமுகப் பகடையும் உருட்டப்படும்.

அறிவியல் முறையில் வாள்களை வகைப்படுத்தியோர் வேறு வழியை மேற்கொண்டனர். வைகிங் காலத்து வாட்பிடிகளை மார்ட்டிமர் வீலர் 1927-இல் ஏழு வகையாகப் பிரித்து எண்ணிட்டார். இவரே பின்னர் 1944 முதல் 1948 வரை இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்து, 1945-இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்தியவர். அவ்வேழோடு இரண்டைச் சேர்த்த எவர்ட் ஓக்‌ஷாட், இடைக்கால வாள்களின் வகைகளைப் பத்தாம் எண்ணிலிருந்து தொடங்கி, 1960-இல் வெளியான தம் நூலில் விளக்கினார். வழக்குப் பெயர்கள் ஊருக்கு ஊர், நூலுக்கு நூல் மாறும். எண்ணோ அலகின் வடிவத்தையே சுட்டி நிற்கும். கணினித் தாளுக்கும் வேண்டுவது இத்தகைய நிலையான சுட்டே.

ஒரே பெயர், மாறும் மதிப்பு

பெயர் மாறாமல் இருக்க, அதன் பின்னுள்ள மதிப்பு மாறுவது மிகப் பெரிய இடர். சான்றாகக் காப்பு எண்ணைக் கருதுவோம். 1974-ஆம் ஆண்டு விதியில் கவசம் இல்லாதவரின் எண் 9. தகட்டுக் கவசமும் கேடயமும் உடையவரின் எண் 2. அதாவது எண் குறையக் குறையக் காப்பு மிகும். சங்கிலிக் கவசத்துக்கு அன்று 5. 2000-ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பு இம்முறையைத் தலைகீழாக்கியது. அது முதல் எண் கூடக் கூடக் காப்பு மிகும். பழைய தாளில் உள்ள 5 என்பதைப் புதிய தாளில் அப்படியே பெயர்த்து எழுதினால், கவசம் பூண்ட வீரர் வெற்றுடம்பினரினும் எளிய இலக்காகிவிடுவார்.

அலகும் இவ்வாறே மாறியுள்ளது. 1978-ஆம் ஆண்டு நூலில் சுமையைப் பொற்காசின் எடையால் அளந்தனர். பத்துக் காசு ஒரு பவுண்டு. 2014-ஆம் ஆண்டு விதியில் ஐம்பது காசு ஒரு பவுண்டு. ஆயிரம் காசு கொண்ட பணப்பை முன்னதில் 100 பவுண்டு, பின்னதில் 20 பவுண்டு. 2014-ஆம் ஆண்டு விதிப்படி வலிமை 10 உடையவர் 150 பவுண்டு சுமக்கலாம். சங்கிலிக் கவசத்தின் 55 பவுண்டோடு 20 சேர்ந்தால் 75, சுமை வரம்புக்குள் அடங்கும். பழைய அலகைத் தவறிப் புகுத்தினால் 155, வரம்பு மீறிவிடும். காசு என்ற சொல் இரண்டிலும் ஒன்றே.

2024-ஆம் ஆண்டில் இவ்வாட்டத்தின் விதிகள் மீண்டும் திருத்தப்பட்டன. திரிசூலத்துக்கு 2014-இல் ஆறுமுகப் பகடை. 2024-இல் எட்டுமுகப் பகடை. காயம் ஆற்றும் மருந்தைப் பருக முன்பு ஒரு முழுச் செயல் செலவாயிற்று. புதிய விதியில் சிறு துணைச் செயலே போதும். அவ்வாண்டு ஆகஸ்டில் ‘டி அண்டு டி பியாண்ட்’ நிர்வாகம், தன் கணினித் தாள்களில் உள்ள ஆயுதம், கவசம், மாயப் பொருள், மந்திரம் ஆகியவற்றின் விளக்கங்களைப் புதிய பதிப்புக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. பழைய விதிகளின்படியே ஆட விரும்பியோர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். தாங்கள் எழுதாத மாற்றம் தங்கள் தாளில் தோன்றுவதை அவர்கள் ஏற்கவில்லை. சில நாட்களுக்குள் நிர்வாகம் முடிவை மாற்றி, பழைய விளக்கங்களும் தொடர்ந்து கிடைக்கும் என்று உறுதி கூறியது.

காகிதத் தாளில் இவ்வினா எழுவதற்கே இடமில்லை. எழுதியவரே தாளின் உடையவர். கணினித் தாளிலோ பெயர் ஒருவரிடமும், அதன் பொருள் வேறொருவரிடமும் இருக்கின்றன. ஆகவே பெயரோடு அது எந்த ஆண்டு விதியைச் சார்ந்தது என்பதும் பதிவாக வேண்டும். ‘திரிசூலம்’ என்பது போதாது. ‘திரிசூலம், 2014’ என்றால்தான் முழுமை.

குறியீடும் காட்சிப் பெயரும்

இச்சிக்கலுக்கு அமைப்பாளர் கண்ட தீர்வு எளியது; பின்பற்றத்தக்கது. பொருளுக்கு இரு பெயர்கள் வைக்கின்றனர். ஒன்று உள்ளே நிற்கும் குறியீடு, அது மாறுவதில்லை. மற்றொன்று திரையில் தோன்றும் காட்சிப் பெயர். அது மொழிக்கேற்ப மாறலாம். ‘ரோல்20’, ‘பவுண்ட்ரி’ ஆகிய இரண்டிலும் மொழிபெயர்ப்புச் சொற்கள் தனிக் கோப்பாக வைக்கப்படுகின்றன. ஆங்கிலக் கோப்புக்குப் பதில் பிரெஞ்சுக் கோப்பையோ ஜெர்மன் கோப்பையோ இணைத்தாலும் குறியீடு அதுவே, கணக்கும் அதுவே.

தமிழில் இத்தகைய கோப்பை ஆக்க முயல்வோருக்கும் இது துணையாகும். ஆங்கிலத்தின் ‘சங்கிலி மெயில்’ என்ற தவறான தொடரை நாமும் சுமக்க வேண்டியதில்லை. உட்குறியீடு மாறாத வரை ‘வளையக் கவசம்’ என்று பொருள் விளங்கச் சொல்லலாம். ஆனால் ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்ற வரையறையைக் காக்க வேண்டும். ஓரிடத்தில் ‘கேடயம்’, பிறிதோரிடத்தில் ‘பரிசை’ என எழுதினால், படிப்பவர் இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்றே எண்ணுவர். 1961-இல் மத்திய அரசு நிறுவிய அறிவியல் தொழில்நுட்பச் சொல்லாக்க ஆணையம் துறைதோறும் சொற்களைத் தரப்படுத்தி வருவதும் இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டே.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலேயே செய்து காட்டலாம். ஆய்வுக்கூடத்தின் பத்துப் பொருள்களை மாணவர் இரு குழுவினரைக் கொண்டு தனித்தனியே பட்டியலிடச் செய்து, இரண்டையும் ஒப்பிட்டால் போதும். ஒரே பொருள் இரு பெயரில் வந்திருப்பதும், எடைக்கு அலகு விடுபட்டிருப்பதும், உடைந்த கருவி நல்லதோடு எண்ணப்பட்டிருப்பதும் அப்போது வெளிப்படும். களப்பணியாளரும் தம் கையிலுள்ள படிவத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், அலகு, நிலை, ஆண்டு ஆகிய நான்கும் உள்ளனவா என நோக்குவது நலம். இவற்றுள் ஒன்று விடுபட்டால், ஆட்டத்தில் ஒரு வீரர் தோற்பதோடு போகும். இருப்புப் பதிவேட்டிலோ, இல்லாத மருந்து இருப்பதாகக் காட்டும்.