எல்லை கடந்து டிராக்டர் வாங்குவோர் கவனத்திற்கு

மூலக்குளத்தில் வசிக்கும் அங்கத்தினர் ஒருவர் அண்மையில் இரண்டு விலைப்பட்டியல்களுடன் நம்மைக் காண வந்தார். வில்லியனூருக்கு மேற்கே அவருக்குச் சொந்த நிலம் உண்டு. அக்கம்பக்கத்து நிலங்களுக்குக் கூலி உழவு செய்து கொடுத்தும் வருமானம் தேடலாம் என்ற எண்ணத்துடன் டிராக்டர் வாங்க முனைந்திருந்தார். ஒரு பட்டியல் புதுச்சேரி வியாபாரி தந்தது. மற்றது எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டிலுள்ள வியாபாரி தந்தது. ஒரே கம்பெனி, ஒரே மாதிரி. ஆயினும் விலையில் ரூ.21,000 வித்தியாசம்.

“வரி அந்தப் பக்கம் குறைவாம், ஐயா. கண்டமங்கலத்தில் மைத்துனர் இருக்கிறார். அவர் விலாசத்தைப் போட்டுக்கொண்டால் வேலை சுலபம் என்கிறார்கள். முன்பணம் ரூ.10,000 கொடுத்துவிட்டேன். சங்கத்தில் கடன் கிடைக்குமா?” என்று கேட்டார்.

இது அவர் ஒருவருக்கு மட்டும் உரிய கேள்வியன்று. புதுச்சேரிப் பகுதியும் தமிழ்நாட்டுக் கிராமங்களும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. வீடு ஒரு பக்கமும் நிலம் மறுபக்கமுமாக வாழ்வோர் நம்மிடையே பலர். எனவே இதைச் சற்று விரிவாக ஆராய்வது நலம். தறியை நம்பி வாழும் அங்கத்தினர்களும் இதைத் தமக்குப் புறம்பான செய்தி என்று ஒதுக்கலாகாது. டிராக்டருக்குக் கொடுக்கும் கடன் எல்லா அங்கத்தினர்களுடைய பங்குப் பணத்திலும் வைப்புப் பணத்திலும் இருந்துதான் செல்கிறது.

பழைய வரியின் நினைவு

“அந்தப் பக்கம் வரி குறைவு” என்ற பேச்சு காரணமின்றிப் பிறந்ததன்று. சென்னை மாகாணத்தில் இராஜாஜி தலைமையிலான அமைச்சரவை 1939ஆம் ஆண்டில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தபோது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சிப் பொறுப்பு இந்திய அரசின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி சட்டப்படியான இணைப்பும் நிறைவேறியது. அதன் பின்னர் 1965ஆம் ஆண்டில் புதுச்சேரிச் சட்டசபை, சென்னை மாநிலத்தின் 1959ஆம் ஆண்டு விற்பனை வரிச் சட்டத்தையே இங்கும் செல்லுபடியாக்கி ஒரு சட்டம் இயற்றிற்று. சட்டம் அமலுக்கு வரும் நாளில் சென்னையில் எப்படி இருக்கிறதோ அப்படியே இங்கும் பொருந்தும் என்பது அதன் ஏற்பாடு. தன் அதிகாரத்தை வேறொரு சட்டசபையிடம் ஒப்படைத்துவிட்டது இச்சட்டசபை என்று கூறி, உச்ச நீதிமன்றம் 1967ஆம் ஆண்டில் அச்சட்டம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அதன் பிறகே புதுச்சேரிக்கெனத் தனியாக 1967ஆம் ஆண்டு விற்பனை வரிச் சட்டம் பிறந்தது.

ஆக, ஒரே சாலையின் இரு முனைகளிலும் இரு வேறு வரிச் சட்டங்கள் நிலவின. மதிப்புக் கூட்டு வரி வந்தபோதும் தமிழ்நாட்டிற்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம், புதுச்சேரிக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் என்று இரண்டாகவே இருந்தன. பொருளுக்குப் பொருள் வரி விகிதம் மாறியதால், எது எங்கே மலிவு என்று பார்த்து வாங்கும் பழக்கம் வேரூன்றியது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்குக்கு 1956ஆம் ஆண்டின் மத்திய விற்பனை வரிச் சட்டம் இருந்தது. எனினும், ‘சி’ படிவம் கொடுத்துக் குறைந்த வரியில் வாங்கும் சலுகை, பதிவு பெற்ற வியாபாரிகளுக்கே உரியதாயிருந்தது. சொந்த உழவுக்கு வாங்கிய விவசாயிக்கு அச்சலுகை இல்லை.

இன்றைய நிலை

2017 ஜூலை 1ஆம் தேதி சரக்கு மற்றும் சேவை வரி அமலுக்கு வந்தது முதல் இந்த வேற்றுமை நீங்கிவிட்டது. விவசாய டிராக்டருக்குத் தொடக்கத்தில் 12 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22ஆம் தேதி முதல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுள்ளது. டிராக்டருக்குரிய டயர், டியூபுகளின் வரியும் 18லிருந்து 5 சதவீதமாயிற்று. வரி நீங்கலாக ரூ.7,00,000 விலையுள்ள டிராக்டருக்கு முன்பு ரூ.84,000 வரி, இப்போது ரூ.35,000. இந்தக் குறைப்பு புதுச்சேரிக்கும் விழுப்புரத்திற்கும் கடலூருக்கும் ஒன்றே.

பட்டியலில் வரியின் பெயர் மட்டும் மாறும். புதுச்சேரியில் வசிப்பவர் புதுச்சேரியில் வாங்கினால் மத்திய வரி 2½ சதவீதம், மாநில வரி 2½ சதவீதம் என்று இரு வரிகளாகக் காட்டப்படும். அவரே தமிழ்நாட்டு வியாபாரியிடம் வாங்கித் தம் புதுச்சேரி முகவரியைக் கொடுத்தால், ஒருங்கிணைந்த வரி 5 சதவீதம் என்று ஒரே வரியாக இருக்கும். மொத்தத்தில் ஒரு காசும் வேறுபாடில்லை. இவ்வரி பொருளை நுகரும் மாநிலத்திற்கே போய்ச் சேரவேண்டும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. வரிப்பதிவு இல்லாதவர் வாங்கும்போது பட்டியலில் எழுதப்படும் முகவரியே அதைத் தீர்மானிக்கும் என்று 2023 அக்டோபர் 1ஆம் தேதி முதல் சட்டம் தெளிவாக்கியுள்ளது.

“கட்டிய வரியைத் திரும்பப் பெறலாம்” என்று சிலர் ஆசை காட்டுவதும் உண்டு. தன் நிலத்து விளைச்சலை விற்கும் விவசாயி இவ்வரிக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. பதிவில்லாதவருக்கு வரி வரவு கிடையாது. சங்கமே டிராக்டர் வாங்கி அங்கத்தினர்களுக்கு உழவுக்காக வாடகைக்கு விட்டாலும், அவ்வாடகைக்கு வரிவிலக்கு இருப்பதால், வாங்கும்போது கட்டிய வரியை வரவு வைத்துக்கொள்ள இயலாது. அந்த 5 சதவீதத்தைச் செலவாகவே எழுத வேண்டும்.

முகவரியும் பதிவும்

அப்படியானால் மைத்துனர் விலாசம் எதற்கு? அதில் வரி மிச்சம் இல்லை. பதிவு வேலையை வியாபாரி தம் வசதிக்குச் சுலபமாக்கிக் கொள்வதற்கே அது பயன்படும்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, உரிமையாளர் எங்கே வசிக்கிறாரோ அல்லது தொழில் நடத்துகிறாரோ, வாகனம் வழக்கமாக எங்கே நிறுத்தப்படுகிறதோ, அந்த மாநிலத்தின் பதிவு அலுவலகம் ஒன்றில் பதிவு செய்ய வேண்டும். வியாபாரி இருக்கும் மாநிலத்திலேயே பதிவாகும் புது வண்டிக்கு வியாபாரியே விண்ணப்பிக்க வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டுத் திருத்தம். வெளி மாநிலத்தில் வாங்குபவருக்கோ, தற்காலிகப் பதிவுடன் வண்டியைக் கொண்டுவந்து, அதில் குறித்த காலத்திற்குள் தாமே இங்கு நிரந்தரப் பதிவு செய்துகொள்ளும் வேலை வந்து சேர்கிறது. அதற்கு 20ஆம் எண் விண்ணப்பம், 21ஆம் எண் விற்பனைச் சான்று, கம்பெனி தரும் 22ஆம் எண் தகுதிச் சான்று, இன்ஷூரன்ஸ், விலைப்பட்டியல் ஆகியவை தேவை. எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் எல்லாத் தாள்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று வண்டியின் அருகிலேயே நின்று ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த அலைச்சலுக்கு அஞ்சிப் பிறர் விலாசத்தைக் கொடுப்போர் பெரிய அலைச்சலை விலைக்கு வாங்குகிறார்கள். வேறொரு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கு வைத்திருந்தால் புதிய பதிவு எண் பெறவேண்டும். அதற்கு முதலில் பதிவான அலுவலகத்தின் ஆட்சேபணையின்மைச் சான்றும் வேண்டும். விபத்து நேர்ந்து இன்ஷூரன்ஸ் கோரும்போதும், மானியம் கோரும்போதும் பொய் விலாசம் கேள்விக்குள்ளாகும். கேரளத்தில் வசிப்போர் சிலர் புதுச்சேரி முகவரியைக் காட்டி விலையுயர்ந்த கார்களைப் பதிவு செய்ததாக 2017ஆம் ஆண்டில் எழுந்த புகார்களும் காவல்துறை விசாரணைகளும் நம் ஊரில் அனைவரும் அறிந்தவையே. மைத்துனர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் சட்டம் தாளைத்தான் பார்க்கும். எல்லைக்கு அப்பால் உண்மையாகவே வீடும் நிலமும் இருந்து, வண்டியும் அங்கேயே நிற்பதானால் அங்கு பதிவு செய்வதில் தவறில்லை.

சங்கத்தின் நிலையையும் கருத வேண்டும். கடன் தீரும்வரை பதிவுச் சான்றில் சங்கத்தின் அடமான உரிமை குறிக்கப்பட்டிருத்தல் அவசியம். கடன் வாங்குபவர் ஒரு விலாசத்திலும், வண்டி வேறு விலாசத்திலும் இருந்தால் ஈடு உறுதியற்றதாகிவிடும். நாம் கடன் பத்திரங்களைப் பரிசீலிக்கும்போது முதலில் பார்ப்பது இதைத்தான்.

வியாபாரியைத் தேர்ந்தெடுத்தல்

வரி ஒன்றாகிவிட்ட பின் விலை வேறுபடுவதற்குக் காரணம் வியாபாரி தரும் தள்ளுபடியும், பட்டியலில் சேர்ந்தவை, சேராதவையுமே. நம் அங்கத்தினரின் இரு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தோம். உள்ளூர்ப் பட்டியலில் விலை ரூ.7,00,000, வரி ரூ.35,000, ஆக ரூ.7,35,000. வெளியூர்ப் பட்டியலில் விலை ரூ.6,80,000, வரி ரூ.34,000, ஆக ரூ.7,14,000. ஆனால் முதற் பட்டியலில் இருந்த பம்பர், டாப் லிங்க், இழுவைக் கொக்கி, மேற்கூரை ஆகியவை இரண்டாவதில் இல்லை. அவற்றிற்கு வரியுடன் ரூ.12,000. தற்காலிகப் பதிவுக்கும் வண்டியைக் கொண்டுவருவதற்கும் ரூ.5,500. மிச்சம் ரூ.3,500தான்! நடவுப் பருவத்தில் ஹைட்ராலிக் பழுதாகி, வெளியூரிலிருந்து மெக்கானிக் வரும்வரை இரண்டு நாள் உழவு நின்றால் அந்த ரூ.3,500 எங்கே நிற்கும்?

ஆகவே விலை பேசுமுன் சில கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். இலவச சர்வீஸ்களை உள்ளூர் வியாபாரியிடமும் செய்துகொள்ளலாமா? உத்தரவாதம் எத்தனை ஆண்டு அல்லது எத்தனை மணி நேர ஓட்டம்? உதிரிப் பாகங்கள் எவ்வளவு தொலைவில் கிடைக்கும்? மெக்கானிக் நிலத்திற்கே வருவாரா? இயந்திரத்தின் தரத்தை அறிய விரும்புவோர், மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் 1955ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மத்திய வேளாண் இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையத்தின் அறிக்கையைக் கேட்டுப் பார்க்கலாம். மானியம் நாடுவோர் வேளாண்மைத் துறையின் ஒப்புதலைப் பெற்ற பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். எந்த வியாபாரியிடம் வாங்கினால் மானியம் உண்டு என்பதையும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

வெளி மாநிலத்தில் வாங்கியவருக்கு ஒரு பாதுகாப்பும் உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்க இடமளிக்கிறது. வியாபாரியின் ஊருக்கு வழக்காட அலைய வேண்டியதில்லை. ஆனால் கையில் முறையான பட்டியலும் ரசீதும் இருக்கவேண்டும்; அவற்றில் உண்மையான பெயரும் விலாசமும் இருக்கவேண்டும்.

நம் அங்கத்தினர் கொடுத்த முன்பணத்திற்கு அவரிடம் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு மட்டுமே. முத்திரை இல்லை, வண்டியின் விவரமும் இல்லை. அப்பணத்தைத் திரும்பப் பெற மூன்று முறை நடக்க வேண்டியிருந்தது. பின்னர் அவர் இரண்டு பட்டியல்களையும் உள்ளூர் வியாபாரியிடம் காட்டிப் பேசியதில் ரூ.6,000 குறைந்தது. வண்டி ‘பி.ஒய். 01’ எண்ணுடன், அவர் பெயரில், அவர் விலாசத்தில், சங்கத்தின் அடமானக் குறிப்புடன் பதிவாயிற்று.

எல்லை கடந்து வாங்குவது குற்றமன்று. அங்கு உண்மையில் மலிவாகவும் நல்ல பணி உறுதியுடனும் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் வரிக்காக எல்லை கடந்த காலம் 2017ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. வெளியே வாங்க எண்ணும் அங்கத்தினர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு பட்டியல்களையும் சங்க அலுவலகத்திற்கு எடுத்து வாருங்கள். உட்கார்ந்து கூட்டிப் பார்க்க அரை மணி நேரம் போதும்.