ஜன்னல் வைக்காத மொய்

குன்னூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வாடகை வீடு, வடக்குப் பார்த்த படுக்கையறை, மார்கழி பிறந்துவிட்டால் சுவரில் கை வைக்க முடிவதில்லையாம். 'ஆயிரம் ரூபாயில் குளிர்கால அறை' என்கிற ரகக் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து நான்கு யோசனைகளைக் குறித்து வைத்திருக்கிறார். சுவருக்கு ஆரஞ்சு வண்ணம். மண் தொட்டியைக் கவிழ்த்து அடியில் மெழுகுவத்தி ஏற்றும் 'ஹீட்டர்'. கட்டிலைச் சுற்றிச் சீரியல் விளக்கு. அம்மாவின் பழைய நூல் சேலைகளை அடுக்கித் தைத்த போர்வையைத் தலைமாட்டுச் சுவரில் தொங்கவிடுவது. 'இதில் எது வெறும் அழகு, எது சூடு?' என்று கேட்கிறார். இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் கேட்கும் வாசகர்கள் கிடைப்பது அபூர்வம்.

முதலில் மெழுகுவத்தி. தட்டையான சின்ன மெழுகுவத்தி ஒன்று எரியும்போது தருவது 30 முதல் 40 வாட். மண் தொட்டி அந்தச் சூட்டைச் சற்று நேரம் பிடித்து வைத்து மெதுவாகத் தருமே தவிர, ஒரு வாட்டைக்கூடக் கூட்டாது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் 100 வாட் விடுகிறார். ஆக மூன்று மெழுகுவத்தி சேர்ந்தால் ஒரு சித்தப்பா. சித்தப்பா திரைச்சீலையில் தீ வைக்கவும் மாட்டார். கடையில் வாங்கும் ஹீட்டர்கள் பல 1,000 வாட்டுக்கு மேல் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மெழுகுவத்தி போதவில்லை என்று கரிச்சட்டியை உள்ளே எடுத்துப்போகும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் கரி மூட்டித் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி மலையூர்களிலிருந்து வந்தபடிதான் இருக்கிறது. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது.

சீரியல் விளக்கு சில வாட். அழகு. அடுத்தது.

ஆரஞ்சு வண்ணத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் உடம்பு வெளிவிடும் வெப்பக் கதிர்கள் 10 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டியவை. கண்ணுக்குத் தெரியும் ஒளியைப்போல ஏறத்தாழ இருபது மடங்கு நீளம். அந்த அலைநீளத்தில் சாதாரண பெயின்ட்கள் எல்லாமே கிட்டத்தட்ட கறுப்புதான். வெள்ளையடித்த சுவரும் ஆரஞ்சுச் சுவரும் அகச்சிவப்புக் கண்ணுக்கு ஒரே தார்ச்சாலை. 'சூடான நிறம்' என்பதில் சூடு என்பது வெறும் பெயர். மனசுக்கு இதமாக இருக்கிறது என்றால் அடியுங்கள். சுவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

இனி சேலைப் போர்வை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

அறைக்குள் தெர்மாமீட்டர் 18 டிகிரி காட்டுகிறது, ஸ்வெட்டரும் போட்டிருக்கிறோம், ஆனாலும் சுவரோரம் உட்கார்ந்தால் அந்தப் பக்கத்துத் தோளில் ஜில்லென்று ஏதோ ஏறுகிறது. 'சுவரிலிருந்து குளிர் அடிக்கிறது' என்போம். சுவரிலிருந்து எதுவும் அடிக்கவில்லை. நம்மிடமிருந்து போவது திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். இதற்கு நம் ஊரில் தயாராக ஒரு கணக்கு முறை இருக்கிறது: மொய்.

உலகத்தில் எந்தப் பொருளும், எதிரே தெரிகிற எல்லாப் பொருளுக்கும் இடைவிடாமல் வெப்பக் கதிர் மொய் வைத்துக்கொண்டே இருக்கிறது. சுவரும் வைக்கும், பீரோவும் வைக்கும், பூனையும் வைக்கும். யார் எவ்வளவு வைப்பது என்பது அவரவர் வெப்பநிலையைப் பொறுத்தது. கெல்வினில் அளந்த வெப்பநிலையின் நான்காம் அடுக்கு. ஸ்வெட்டர் போட்ட உடம்பின் மேற்பரப்பு 28 டிகிரி என்றால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 465 வாட் மொய் வைக்கிறது. ஆம், அவ்வளவு. நாம் உறைந்து போகாததற்குக் காரணம், அறையும் பதில் மொய் வைப்பதுதான். சென்னையில் 25 டிகிரிச் சுவர் 447 திருப்பித் தரும். நஷ்டம் 18, யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். குன்னூரில் வெளியே 4 டிகிரி, அறைக்குள் 18 என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் உட்பக்கம் 14 டிகிரி அளவில் நிற்கும். அது தருவது 385. சதுர மீட்டருக்கு 80 துண்டு விழுகிறது. அந்தத் துண்டைத்தான் தோள் 'குளிர்' என்று மொழிபெயர்க்கிறது.

இந்த மொய் நோட்டை வைத்துக்கொண்டு அறையில் இருக்கிற ஒவ்வொருவரையும் எடைபோடலாம். செங்கல் சுவர், நாம் 500 செய்தால் 400 செய்கிற பங்காளி. முறைத்துக்கொள்ளலாம், பகைத்துக்கொள்ள முடியாது. பளபளக்கும் அலுமினியத் தாள் தன் கையிலிருந்து பத்துப் பைசா போடாது. ஆனால் நீங்கள் தந்த கவரையே, ஒட்டிய ஒரு ரூபாய் நாணயத்தோடு, பெயரை மட்டும் மாற்றி உங்களிடமே நீட்டிவிடும். நமக்கென்ன, வரவு வரவுதான். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்தான் இருப்பதிலேயே மோசம்: முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும் இடத்திலிருந்து அப்படியே செருப்பை மாட்டுகிற ஆசாமி. (சுவர் நம்மை ஞாபகம் வைத்துக்கொள்ளாது, அடுத்த விசேஷத்தில் பழி வாங்காது என்பதெல்லாம் தெரியும். உவமையை இன்னும் சில பத்திகளுக்கு விட்டுவிடுங்கள்.)

கண்ணாடியை ஏன் திட்டுகிறேன் என்றால், அதே 18க்கும் 4க்கும் இடையில் அதன் உட்புறம் 7 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. பதில் மொய் 350. சுவரோடு ஒப்பிட்டால் இன்னும் 35 குறைவு. வெளிச்சத்தை விடுகிறதே என்று நினைக்கலாம். 10 மைக்ரான் கதிருக்குக் கண்ணாடி ஒளிபுகாச் சுவர். மெல்லிய, மிகக் குளிர்ந்த சுவர்.

இப்போது போர்வையை மாட்டுவோம். ஐந்தரை மீட்டர் சேலையை மூன்றாக மடித்தால் ஆறடி நீளம், அகலம் நாலடிக்குச் சற்றுக் குறைவு. நான்கு சேலைக்குப் பன்னிரண்டு மடிப்பு. கைநூல் ஓட்டித் தைக்கும்போது இறுக்கி இழுக்காதீர்கள். உழைக்கப்போவது அம்மாவின் சேலை இல்லை, மடிப்புகளுக்கு நடுவே அசைய வழியில்லாமல் மாட்டிக்கொண்ட காற்று. அசையாத காற்றைப்போல வெப்பம் கடத்தத் தெரியாத பொருள் மலிவு விலையில் வேறு கிடையாது. இழுத்து இறுக்கித் தைத்தால் கடைசியில் கையில் இருப்பது தடித்த சாக்கு.

தைத்ததை வாசகி சொல்கிறபடி தலைமாட்டுச் சுவரில் மாட்டினால் என்ன லாபம்? காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். முன்பு 14 டிகிரியில் இருந்த இடத்தில் இப்போது 15.4 டிகிரிப் போர்வை தெரியும். பதில் மொய் 385 போய் 392. ஏழு ரூபாய் கூடுதல்! காணொளிக்காரர் 'அறையே மாறிப்போச்சு மக்களே' என்று கத்துவது இந்த ஏழு ரூபாய்க்குத்தான்.

அதே போர்வையை, ஓர் இழை கூட்டாமல், ஜன்னல் மேல் மாட்டுங்கள். 7 டிகிரிக் கண்ணாடிக்குப் பதில் 14ஐத் தொடும் துணி நம்மைப் பார்க்கிறது. 350 போய் 383. லாபம் 33. ஒரே துணி, ஒரே ஆணி, கிட்டத்தட்ட ஐந்து மடங்கு பலன். ஏற்கெனவே ஓரளவு தாங்குகிற சுவருக்குத் துணையாகப் போவதைவிட, எதுவுமே தாங்காத கண்ணாடிக்குப் போனால்தான் துணிக்கு மரியாதை. போர்வையின் அடி ஜன்னல் திண்டில் அழுந்தி உட்கார வேண்டும். இல்லையென்றால் கண்ணாடியை ஒட்டிக் குளிர்ந்த காற்று கனத்து, கீழ் இடுக்கு வழியாகக் கட்டிலில் கொட்டும். பழைய வேட்டித் துண்டில் மணல் நிரப்பி, முறுக்குப்போல உருட்டித் தைத்து அங்கே வைத்துவிடுங்கள்.

சுவரை நான் இவ்வளவு எதிர்ப்பதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. கோத்தகிரியில் வாடகைக்கு இருந்த முதல் குளிர்காலத்தில் ஒரு கம்பளியை வெளிச்சுவரில் ஆணியடித்து மாட்டினேன். கம்பீரமாக இருந்தது. மாசியில் கழற்றியபோது பின்னால் சுவர் முழுக்கக் கறுத்த பூஞ்சை, கம்பளியின் அளவுக்கு அளவெடுத்ததுபோல நீண்ட சதுரம். வீட்டுக்காரர் அதற்கு அட்வான்ஸில் கழித்துக்கொண்டார், அவர்மேல் தப்பில்லை. கம்பளி அறையின் வெப்பத்தைச் சுவருக்குப் போகவிடாமல் தடுக்கிறது அல்லவா? அப்படியானால் சுவர் முன்பைவிடக் குளிர்ந்துபோகும். மேலே சொன்ன கணக்கில் 14 டிகிரியில் இருந்த சுவர் போர்வைக்குப் பின்னால் பத்தரைக்கு வந்துவிடும். 18 டிகிரி அறையில் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 12 டிகிரியை ஒட்டி. துணி வெப்பத்தைத் தடுக்கும், நீராவியைத் தடுக்காது. இரண்டு பேர் தூங்கும் அறையில் மூச்சும் வியர்வையுமாக ஓர் இரவில் அரை லிட்டர் தண்ணீர் காற்றில் சேர்வது சாதாரணம். அது நேராகப் போய்ச் சுவரில் வியர்க்கிறது. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

கண்ணாடியிலும் வியர்க்கும், இன்னும் அதிகமாகவே. ஆனால் கண்ணாடி குடிப்பதில்லை. காலையில் போர்வையை ஒதுக்கி, பழைய துண்டால் ஒரு துடை, ஜன்னலைப் பத்து நிமிஷம் திறந்து வைத்தல், முடிந்தது.

வரலாறு இல்லாமல் அறிவியல் பக்கம் இல்லை என்பது ஆசிரியரின் கொள்கை, ஆகவே சுருக்கமாக. 1804இல் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் லெஸ்லி கனசதுர உலோகப் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, கரி பூசிய பக்கம் நிறைய வெப்பக் கதிர் விடுகிறது, பளபளப்பான பக்கம் மிகக் குறைவாக விடுகிறது என்று காட்டினார். 1879இல் ஜோசப் ஸ்டெபான் நான்காம் அடுக்கு விதியைச் சொன்னார். 1884இல் அவருடைய மாணவர் போல்ட்ஸ்மேன் அதற்குக் கோட்பாட்டு அடித்தளம் போட்டார். போதும்.

சேலையில் ஊசி போட மனம் வராதவர்களுக்குத் தெர்மாகோல் இருக்கிறது. 2017இல் தண்ணீர் ஆவியாகாமலிருக்க வைகை அணையில் மிதக்கவிடப்பட்டுக் காற்றில் கரை ஒதுங்கிய அதே தெர்மாகோல்தான். தண்ணீரில் தோற்றது ஜன்னலில் ஜெயிக்கும். இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் சட்டத்துக்குச் சரியாக வெட்டிப் பொருத்தினால் உட்புறம் 15 டிகிரியைத் தாண்டும், போர்வையைவிட மேல். துணி ஒட்டி, கோலம் வரைந்து அலங்கரிக்கலாம். சீக்கிரம் தீப்பிடிக்கும் சரக்கு. அந்த அறையில் மெழுகுவத்திக்கு இடமே இல்லை.

கட்டிலை ஜன்னலிலிருந்து தள்ளிப் போடுவது பைசா செலவில்லாத வேலை. மொய் நேருக்கு நேர் பார்த்தால்தான். தள்ளிப்போகப் போக, ஜன்னல் நம் பார்வையில் அடைக்கும் இடம் சுருங்கும், நஷ்டமும் சுருங்கும். இதை நம்பாதவர்கள் தை மாதக் காலையில் ஊட்டி காந்தல் பக்கமோ தலைகுந்தா பக்கமோ போய்ப் பார்க்கலாம். திறந்த புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். மரத்தடிப் புல் பச்சையாகவே இருக்கும். இரண்டுக்கும் காற்று ஒன்றுதான். திறந்த புல் இரவெல்லாம் மேகமற்ற வானத்துக்கு மொய் வைத்து ஓட்டாண்டியாகி, காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. மரத்தடிப் புல்லுக்குக் கிளைகள் குறுக்கே நின்று பதில் மொய் வைக்கின்றன. தேயிலைக்காரர்கள் இளஞ்செடிகளைக் காய்ந்த தழை போட்டு மூடுவதும் இதற்காகத்தான். தகரக் கூரை வீட்டில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் தகரமும் அந்தப் புல்தான், ராத்திரி முழுக்க வானத்தைப் பார்த்துக் குளிர்ந்துபோகும். சேலை முதலில் தலைக்கு மேல் விதானமாகட்டும், ஜன்னல் அப்புறம்.

வாசகிக்குத் தலைமாட்டுச் சுவரில்தான் ஆசை என்று கடிதத்தில் தெரிகிறது. படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்ப வேண்டுமாம். நியாயம். தலைமாட்டை வெளிச்சுவரிலிருந்து உட்சுவருக்கு மாற்றிப் போடுங்கள், அங்கே பூஞ்சைப் பயம் இல்லை. போர்வையின் மேல் ஓரத்தில் ஒரு மூங்கில் கழியைக் கோர்த்துத் தைத்துவிட்டால் எங்கே வேண்டுமானாலும் தொங்கும். பகலில் தலைமாட்டில், விளக்கு வைத்ததும் ஜன்னலில். இரண்டு இடத்திலும் ஒரே இடைவெளியில் இரண்டிரண்டு கொக்கி போதும். அடிக்கும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.