கியர் பொக்ஸ் கொதித்தால் முதல் கரையும்

வியாபாரிக்கு அவரது வாகனம் இரண்டாவது கடை. ஹெம்மாதகம, அரநாயக்க பக்கம் சென்று மிளகும் கராம்பும் பாக்கும் வாங்கி வருபவருக்கும், தோட்டங்களுக்கு அரிசி, மா, சீமெந்து ஏற்றிச் செல்பவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் கடைக்குள் சத்தமின்றி நெருப்பு வைப்பது எது என்று கேட்டால் பலரும் என்ஜினைத்தான் சொல்வார்கள். ஆனால் ஒட்டோ கியர் வாகனங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில் நாம் முதலில் கவனிக்க வேண்டியது கியர் பொக்ஸின் சூட்டையே.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. வரிகளையும் சேர்த்துப் பார்த்தால் புதிய டபள் கெப் ஒன்று நம்மில் பலருக்கு எட்டாக்கனி. எனவே கையில் இருப்பதை இன்னும் பல வருடங்கள் ஓட்டியாக வேண்டும்.

சூடு எங்கிருந்து வருகிறது?

வேகமாக ஓடினால்தான் சூடேறும் என்று நினைப்பது தவறு. ஒட்டோ கியர் வாகனத்தில் என்ஜினுக்கும் கியர் பொக்ஸுக்கும் நடுவில் டோர்க் கன்வேர்ட்டர் என்ற பாகம் உண்டு. ஒயிலுக்குள் எதிரெதிரே வைத்த இரண்டு விசிறிகள் என்று அதை எண்ணிக்கொள்ளுங்கள். சமதரையில் சீரான வேகத்தில் ஓடும்போது இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், சூடு குறைவு. சுமையோடு மெதுவாக ஏற்றம் ஏறும்போது என்ஜின் பக்க விசிறி வேகமாகவும் மறுபக்க விசிறி மெதுவாகவும் சுழலும். இடையில் வீணாகும் சக்தி முழுவதும் ஒயிலில் சூடாக மாறுகிறது.

சக்கரம் கல்லில் முட்டி அசையாமல் நிற்க, எக்சலேட்டரை அழுத்திப் பிடித்தால் நிலைமை இன்னும் மோசம். 40 கிலோவாட் சக்தி அவ்வாறு வீணானால், அது 20 பெரிய மின்கேத்தல்களைக் கொண்டு எட்டுப் பத்து லீற்றர் ஒயிலைக் காய்ச்சுவதற்குச் சமம். டொயோட்டாவின் பழுதுபார்க்கும் கையேடுகள், வாகனத்தை நிறுத்தி வைத்து எக்சலேட்டரை முழுமையாக அழுத்திச் செய்யும் பரிசோதனையை 5 விநாடிக்கு மேல் நீடிக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

கியர் ஒயிலுக்கு உகந்த சூடு சுமார் 80 முதல் 95 பாகை செல்சியஸ். அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஒயிலின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது தொழில் தெரிந்தோர் கணக்கு. 115 பாகையளவில் ஒயில் உள்ளே பிசினாகப் படியத் தொடங்கும். 125ஐத் தாண்டினால் ரப்பர் சீல்கள் இறுகும். பிறகு கிளச் தட்டுகள் வழுக்கும்.

என்ன செய்யலாம்?

முதலாவது, தோட்டத்து மண் பாதையில் ஏறுமுன்பே ஃபோர் வீலின் லோ நிலைக்கு மாற்றுங்கள். மாட்டிக்கொண்ட பிறகு மாற்றுவதில் பயன் குறைவு. ஹைலக்ஸ் போன்ற வாகனங்களில் லோ நிலை இழுவையைச் சுமார் இரண்டரை மடங்காக்குகிறது. அதனால் என்ஜின் திணறாது, கன்வேர்ட்டர் வழுக்குவதும் குறையும். காய்ந்த தார் வீதியில் மட்டும் இதைப் பயன்படுத்த வேண்டாம், அச்சுகள் முறுக்கிக்கொள்ளும்.

இரண்டாவது, கடுகண்ணாவை போன்ற தார் வீதி ஏற்றத்தில் லீவரை 'டி'யிலேயே விட்டுவிடாமல் 'எல்', '2' போன்ற சிறிய கியரில் ஏறுங்கள். நெரிசலில் வாகனத்தை எக்சலேட்டரால் தாங்கிப் பிடிக்காதீர்கள், பிரேக்கை மிதியுங்கள். 2013இல் வந்த ஹொண்டா ஃபிட் ஹைபிரிட், வெசல் ஹைபிரிட் போன்ற இரட்டைக் கிளச் வாகனங்களுக்கு இது மிக முக்கியம். சாதாரண கியர் லொறியில் அரைக் கிளச்சில் நிற்பதும் இதே குற்றம்தான்.

மூன்றாவது, கியர் ஒயில் சூட்டு விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். உடனே என்ஜினை அணைத்துவிடுவதே பலரின் பழக்கம். டொயோட்டா கையேடு சொல்வதோ வேறு: லீவரை 'பி'யில் வைத்து, விளக்கு அணையும்வரை என்ஜினை மெதுவாக ஓடவிட வேண்டும். அப்போதுதான் பம்ப் ஒயிலைக் கூலருக்கு அனுப்பும். தவாளம் ஓட்டிய அந்தக் காலத்தில் பிரயாணிகள் இளைப்பாறிச் செல்ல கடுகண்ணாவையில் அம்பலம் இருந்தது. மாட்டுக்குத் தேவைப்பட்ட ஓய்வு இயந்திரத்துக்கும் தேவை.

நான்காவது, ரேடியேட்டர் முன்னால் அடைந்திருக்கும் சேற்றையும் புல்லையும் வாரந்தோறும் மெல்லிய தண்ணீரில் கழுவுங்கள். பல வாகனங்களில் கியர் ஒயில் குளிர்வதும் அந்த ரேடியேட்டருக்குள்ளேதான். அது உள்ளே வெடித்துத் தண்ணீரும் ஒயிலும் கலந்தால் இளஞ்சிவப்புப் பால் போலாகும். அத்தோடு கியர் பொக்ஸின் கதை முடிந்தது. தினமும் மலைக்குச் சுமை ஏற்றுபவர்கள் தனியான ஒயில் கூலர் ஒன்றைப் பூட்டுவது நல்ல முதலீடு.

ஐந்தாவது, ஒயிலைப் பாருங்கள், மணந்தும் பாருங்கள். சிவப்பு ஒயில் கபில நிறமாகி எரிந்த வாடை வந்தால் நல்ல கராஜ் பாஸிடம் காட்டுங்கள். கையேட்டில் கடினப் பாவனைக்கென்று தனிக் கால இடைவெளி தரப்பட்டிருந்தால் அதுவே நமக்குரியது. சி.வி.டி. வாகனத்துக்கு அதற்குரிய ஒயிலைத் தவிர வேறெதையும் ஊற்ற விடாதீர்கள்.

இவை அனைத்தையும் உரிமையாளர் அறிந்து வைத்திருந்தால் மட்டும் போதாது. வாகனத்தை ஓட்டுபவர் பெரும்பாலும் சாரதியே. விளக்கு எரிந்தால் வழியில் நிற்க அவருக்கு அனுமதி இருக்க வேண்டும். "ஏன் சுணக்கம்?" என்று தொலைபேசியில் விரட்டினால், அவர் விளக்கைப் பார்த்தும் பாராததுபோல் ஏற்றத்தை ஏறி முடிப்பார். பத்து நிமிடச் சுணக்கத்தை நாம் பொறுத்துக்கொள்ளாவிட்டால், மிளகு அறுவடைக் காலத்தில் வாகனம் வாரக்கணக்கில் கராஜில் நிற்பதைப் பொறுத்துக்கொள்ள நேரும். லீசிங் கட்டணம் அதற்காகக் காத்திருக்காது.