சிபாரிசுக்கு மாமா இல்லையா? சீனியர் இருக்காரே!

கேம்பஸ் இன்டர்வியூ முடிந்த சாயங்காலம். கேன்டீன் வாசலில் டீ கிளாஸோடு நாலு பேர். அதில் ஒருத்தன் கட்டாயம் சொல்வான்... ''அவனுக்கென்னடா, அவங்க மாமா உள்ள இருக்காரு!''

இந்த டயலாக்கைக் கேட்காத காலேஜ் தமிழ்நாட்டில் இருக்கா என்ன? எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் இதைத் தினமும் சொல்வான். நாமக்கல் பக்கம் ஒரு இன்ஜினீயரிங் காலேஜ். மெக்கானிக்கல், ஃபைனல் இயர். வீட்டில் முதல் பட்டதாரி. அவனுக்கும் மாமா இல்லாமல் இல்லை, மூணு பேர் இருக்காங்க! ஒருவர் லாரி ஓட்டுகிறார், ஒருவர் மளிகைக் கடை, இன்னொருவர் திருப்பூரில் டெய்லர். பாசத்துக்குக் குறைச்சலே கிடையாது. ஆனால் டிசைன் கம்பெனியில் யாரையாவது தெரியுமா என்று கேட்டால், ''அது எந்த ஊருல இருக்கு மாப்ளே?'' என்பார்கள்.

உங்கள் வீடும் இப்படித்தானா? அப்போ தொடர்ந்து படிங்க.

'தெரிஞ்சவங்க மூலமாத்தான் வேலை கிடைக்கும்' என்பது நம்ம ஊர்ப் புலம்பல் மட்டும் இல்லை, பாஸ். அமெரிக்காவில் மார்க் கிரனோவெட்டர் என்கிற சமூகவியல் ஆய்வாளர், பாஸ்டனை ஒட்டிய ஒரு புறநகரில் சமீபத்தில் வேலை மாறியவர்களைப் பிடித்து விசாரித்தார். தெரிந்தவர் மூலமாக வேலை வாங்கியவர்களிடம், 'அந்த ஆளை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்ப்பீங்க?' என்று கேட்டார். 'அடிக்கடி' என்றவர்கள் 16.7 சதவிகிதம்தான். 'எப்பவாச்சும்' என்றவர்கள் 55.6 சதவிகிதம். 'ரொம்ப அபூர்வமா' என்றவர்கள் 27.8 சதவிகிதம்! 1973-ல் வெளியான கட்டுரை இது. கேள்வி கேட்டது 54 பேரிடம்தான், சின்ன சர்வே. ஆனாலும் அவர் சொன்ன காரணம் இன்றைக்கும் யோசிக்க வைக்கிறது. உங்கள் ரூம்மேட்டுக்கு என்ன தெரியுமோ, அது ஏற்கெனவே உங்களுக்கும் தெரியும். ரெண்டு பேரும் பார்ப்பது ஒரே நோட்டீஸ் போர்டு, ஒரே வாட்ஸ்அப் குரூப். புதுச் செய்தி வரவேண்டுமென்றால் அது வேறு கூட்டத்தில் இருக்கும் ஆளிடமிருந்துதான் வரவேண்டும்.

இந்தச் சங்கதியைப் பெரிய அளவில் சோதித்துப் பார்க்க வாய்த்த இடம்தான் லிங்க்ட்இன். 2003-ல் ரீட் ஹாஃப்மேனும் அவருடைய கூட்டாளிகளும் தொடங்கியது. 2016-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது. அங்கே 'இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்று ஆட்களைக் காட்டும் பகுதி இருக்கிறதல்லவா? அதை ஐந்து வருஷம், 2 கோடி பேருக்கு விதவிதமாக மாற்றிக் காட்டி, யாருக்கு எந்தப் பழக்கத்தால் வேலை கிடைத்தது என்று ஆராய்ந்தார்கள். 2022-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வந்தது. உயிர் நண்பனைவிட அரைகுறைப் பழக்கம்தான் அதிகம் உதவியது. ஆனால் சுத்தமாகத் தொடர்பே இல்லாத ஆள் அந்த அளவுக்கு உதவவில்லை. இன்னொன்று... கம்ப்யூட்டர் அதிகம் புழங்காத தொழில்களில் நெருங்கிய பழக்கம்தான் கைகொடுத்தது. ஆகவே திருப்பூர் மாமாவைக் குறைத்து எடைபோடாதீங்க!

சரி, அந்த 'அரைகுறைப் பழக்கம்' எங்கே இருக்கிறது? உங்கள் காலேஜிலேயே இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் உங்கள் டிபார்ட்மென்ட்டில் படித்து, அதே ஓட்டை ஃபேன் லேபில் வைவா கொடுத்து வெளியே போன சீனியர். லிங்க்ட்இன்னில் உங்கள் காலேஜ் பெயரைத் தேடுங்கள். அந்தப் பக்கத்தில் 'அலும்னி' என்று ஒரு பகுதி இருக்கும். எத்தனை பேர் எந்த ஊரில், எந்தக் கம்பெனியில், என்ன வேலை பார்க்கிறார்கள் என்று பட்டியலே போட்டுத் தரும். வருஷம் போட்டுச் சலிக்கலாம். நம்ம தம்பி தேடியபோது அவன் டிபார்ட்மென்ட் ஆட்கள் ஓசூரிலும் புனேவிலும் ஜெர்மனியிலும் இருந்தார்கள். ''நம்ம காலேஜா அண்ணா இது!'' என்று போன் பண்ணினான். மூணரை வருஷமாக அவன் அந்தக் காலேஜைத் திட்டி மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

சி.இ.ஓ.-க்களுக்கெல்லாம் ரிக்வெஸ்ட் அனுப்பாதீங்க. ரெண்டு வருஷம், நாலு வருஷம் முன்னால் போனவர்கள்தான் உங்கள் ஆட்கள். இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்பது அவர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்.

அவர் உங்கள் ப்ரொஃபைலைத் திறந்து பார்ப்பார். அப்போது அங்கே என்ன இருக்கணும்? இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். பெயருக்குக் கீழே வரும் ஒற்றை வரியில் 'ஆஸ்பயரிங் இன்ஜினீயர், பேஷனேட், குயிக் லேனர், ஹார்டு வொர்க்கர்' என்று எழுதி வைப்பது. யார்தான் பாஸ் 'நான் சோம்பேறி, மெதுவா கத்துக்குவேன்' என்று எழுதுவாங்க? கம்பெனி ஆட்கள் தேடுவது 'பேஷனேட்' என்ற வார்த்தையை அல்ல. 'சாலிட்வொர்க்ஸ்', 'எஸ்.க்யூ.எல்.', 'டேலி' என்று திறமையின் பெயரைத் தட்டித்தான் தேடுகிறார்கள். அந்தச் சொல் உங்கள் பக்கத்தில் இருந்தால்தான் கண்ணில் படுவீங்க.

ப்ராஜெக்ட் விஷயத்துக்கு வருவோம். மனசைத் தொட்டுச் சொல்லுங்க, உங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் நீங்க செஞ்சதா, ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கினதா? கோபப்படாதீங்க, நான் யாரிடமும் சொல்லமாட்டேன். ஆனால் வாங்கினதை ப்ரொஃபைலில் போடாதீங்க. அதைப் பார்த்துவிட்டு ஒருத்தர் ஒரே ஒரு 'ஏன்' கேட்டால் போதும், சீட்டுக்கட்டு மாதிரி சரிந்துவிடும். எனக்கே நடந்திருக்கிறது. படிப்பு முடித்த புதிதில் ரெஸ்யூமேயில் 'ஃபோட்டோஷாப் எக்ஸ்பர்ட்' என்று கெத்தாகப் போட்டிருந்தேன். எதிரில் இருந்தவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, ''இந்தப் படத்துல பேக்ரவுண்டை மட்டும் எடுத்துடுங்களேன்'' என்றார். ஏ.சி. ரூமில் எனக்கு வேர்த்ததை இன்றைக்கும் மறக்கவில்லை.

அப்போ என்னத்தை எழுதுவது? சின்னதாக இருந்தாலும் நிஜமாகச் செய்ததை. பி.காம். படிக்கும் ஒரு தங்கை, அப்பாவின் ஹார்டுவேர் கடை பில்களை ரெண்டு வருஷமாக டேலியில் ஏற்றி, ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்கு ஆடிட்டரிடம் கொடுத்து வருகிறாள். ''இதெல்லாமாண்ணா போடுவாங்க?'' என்று கேட்டாள். இதைத்தாம்மா போடணும்! ஹாஸ்டல் மெஸ் கணக்கை எக்செல்லில் பார்த்தவர், டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ஸ்பான்சர் பிடிக்கக் கடை கடையாக ஏறி இறங்கியவர், எல்லோருக்கும் சொல்ல விஷயம் இருக்கிறது. நம்ம தம்பி லேத்தில் ஒரு வேலை செய்யும்போது பீஸ் பிடிக்கும் ஃபிக்ஸ்சர் ஒன்றை சாலிட்வொர்க்ஸில் வரைந்து, பட்டறை ஒன்றில் கெஞ்சிக் கூத்தாடிச் செய்து வாங்கியிருந்தான். முதல் தடவை அளவு தப்பு. அதையும் சேர்த்தே எழுதச் சொன்னேன். என்ன தப்பு, எப்படித் திருத்தினான் என்பதுதான் அதில் சுவாரஸ்யமே.

அடுத்தது, மெசேஜ். 'ரெஸ்பெக்டட் சார், ஐயாம் ஃப்ரம் எ புவர் ஃபேமிலி, கைண்ட்லி அரேஞ்ச் எ ஜாப்' என்று அனுப்பினால், பாவம், அந்த மனுஷன் என்னதான் பதில் எழுதுவார்? வேலை அவர் சட்டைப் பையிலா இருக்கிறது? ரெண்டு நிமிஷத்தில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியைக் கேளுங்கள். தம்பி அனுப்பியது இவ்வளவுதான்: ''வணக்கம் அண்ணா. நம்ம காலேஜ் மெக்கானிக்கல், ஃபைனல் இயர். உங்க ப்ரொஃபைல்ல ஃபிக்ஸ்சர் டிசைன்னு பார்த்தேன். நான் ஒண்ணு செஞ்சிருக்கேன், ப்ரொஃபைல்ல படம் இருக்கு. இந்த வேலைக்கு சாலிட்வொர்க்ஸ் போதுமா, வேற எதுவும் கத்துக்கணுமா?'' இங்கிலீஷ் வரலையே என்று பயப்படவேண்டாம். சீனியருக்கும் தமிழ் தெரியும்! ஃப்ரீ அக்கவுன்ட்டில் ரிக்வெஸ்ட்டோடு குறிப்பு எழுதி அனுப்ப மாதத்துக்குச் சில வாய்ப்புகள்தான் கிடைக்கும். அதனால் ஆளைப் பார்த்து அனுப்புங்கள்.

பழகிய பிறகு ரெஃபரல் கேட்கக் கூச்சம் வேண்டாம். ஆளைப் பரிந்துரைக்கிற ஊழியருக்கு போனஸ் கொடுக்கும் கம்பெனிகள் நிறைய உண்டு. என்ன ஒன்று, ரெஃபரல் உங்கள் ரெஸ்யூமேயை ஒருவர் கண்ணில் படவைக்கும். உள்ளே போய்ப் பேசவேண்டியது நீங்கள்தான்.

கேர்ள்ஸ்... 'ஹாய் டியர்' கோஷ்டி இங்கேயும் டை கட்டிக்கொண்டு வரும். ஃபோட்டோவை யார் பார்க்கலாம் என்று செட்டிங்ஸில் நீங்களே முடிவு பண்ணலாம். வழிசல் மெசேஜுக்குப் பதில் போடாமல் பிளாக் பண்ணிவிட்டு ரிப்போர்ட்டும் செய்யுங்கள். பசங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், அப்பா பெயர், பிறந்த தேதி, வீட்டு விலாசம், செல் நம்பர் எல்லாம் இருக்கும் பயோடேட்டாவை அப்படியே எல்லோரும் பார்க்கிற மாதிரி ஏற்றாதீங்க. 'செலக்ட் ஆயிட்டீங்க, டெபாசிட் கட்டுங்க, டெலிகிராமுக்கு வாங்க' என்று எவனாவது சொன்னால் அது வேலை இல்லை, வலை. பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டு நிற்காமல் சைபர் க்ரைம் உதவி எண் 1930-க்கு உடனே அடியுங்கள்.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு லிங்க்ட்இன்னைத் தள்ளிக்கொண்டே போவதும் வேண்டாமே. 'ஐயாம் த்ரில்டு டு அனவுன்ஸ்' என்று வரிசையாக எல்லோரும் வேலை வாங்கியிருப்பார்கள். பதினேழு இடத்தில் ரிஜெக்ட் ஆன கதையை அங்கே யாரும் த்ரில்லாக அனவுன்ஸ் பண்ணுவதில்லை. தம்பி ஒரு வாரம் அதைப் பார்த்துச் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை என்று அவன் அம்மா சொன்னார்.

அவன் மொத்தம் ஒன்பது சீனியர்களுக்கு எழுதினான். ஐந்து பேர் பதிலே போடவில்லை. மூணு பேர் 'ஆல் தி பெஸ்ட்' சொன்னார்கள். ஓசூர் அண்ணனிடமிருந்து பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது. முதல் வரி, ''கேன்டீன்ல அந்த பருப்பு வடை இன்னும் போடுறாங்களா?''

ரெண்டாவது வரியில் அவருடைய மெயில் ஐ.டி. இருந்தது.